பூட்டு, விதை, நாளைய சந்தை

ஒட்டன்சத்திரம் வட்டார மருந்துக்கடைகளில் கொராஜன் என்று கேட்டால் போதும், எந்தப் பயிருக்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்து வைப்பார்கள். கத்தரியில் காய்த்துளைப்பான், முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சி, 2018க்குப் பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு என்று எல்லாவற்றுக்கும் அடிக்கிற மருந்து அது. புட்டி சிறியது, மில்லி கணக்கில் வாங்குவது. அதிலுள்ள குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற மூலப்பொருளைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம். ஆரம்பத்தில் லேபிளில் டூபான்டின் முட்டை வடிவச் சின்னம்தான் இருந்தது. பிறகு அது போய் எஃப்எம்சி என்ற பெயர் வந்தது. மருந்தும் அதேதான், கொராஜன் என்ற பெயரும் அதேதான். கம்பெனி கைமாறிவிட்டது போலிருக்கிறது என்பதற்கு மேல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அது கைமாறியதற்குக் காரணம் 2017 மார்ச் 27 அன்று பிரஸ்ஸல்ஸில் வெளியான ஒரு முடிவு. டவ், டூபான்ட் என்ற இரண்டு இரசாயனப் பெருநிறுவனங்கள் ஒன்றாக இணைய ஐரோப்பிய ஆணையம் அனுமதி தந்தது. ஆனால் டூபான்டின் பூச்சிமருந்துத் தொழிலில் பெரும்பகுதியை வெளியாருக்கு விற்றுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. விற்கப்பட்டவற்றில் கொராஜனும் ஒன்று, வாங்கியது எஃப்எம்சி. இந்தியப் போட்டி ஆணையமும் அதே ஆண்டு ஜூனில் நிபந்தனைகளோடு இந்த இணைப்பை அனுமதித்தது.

விற்கச் சொன்ன பட்டியலில் மருந்துகளோடு டூபான்டின் உலகளாவிய பூச்சிமருந்து ஆராய்ச்சி அமைப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. வழக்கமாக இணைப்பு வழக்குகளில் கேட்கப்படும் கேள்வி எளியது: இருவரும் ஒரே பொருளை விற்கிறார்களா, சேர்ந்தால் விலை ஏறுமா? பிரஸ்ஸல்ஸ் அதற்கு ஒருபடி மேலே போனது. புதிய பூச்சிமருந்தை ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைவரை கொண்டுவரும் திறன் உலகில் ஐந்தே நிறுவனங்களுக்குத்தான் இருக்கிறது. அதில் இரண்டு சேர்ந்தால் ஆராய்ச்சிச் செலவு குறையும், பத்தாண்டு கழித்து வரவேண்டிய மருந்து வராமலே போகும் என்று அது வாதிட்டது. இன்னும் பிறக்காத பொருளுக்கான போட்டியைக் காப்பாற்ற ஓர் ஆய்வுக்கூடத்தையே பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒட்டன்சத்திரத்து விவசாயிக்கு இதனால் என்ன கிடைத்தது? உடனடியாக ஒன்றுமில்லை. கொராஜனின் விலையை இறக்கியது இந்த லேபிள் மாற்றம் இல்லை. 2022இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, வேறு பல கம்பெனிகள் அதே மூலப்பொருளைத் தங்கள் பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் விலை விழுந்தது. பிரஸ்ஸல்ஸ் முடிவின் பலன் எங்காவது தெரியுமென்றால் அடுத்த மருந்தில்தான் தெரியும். அந்த அடுத்த மருந்து வராவிட்டால், எதனால் வரவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. இணைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொழில்நுட்ப மாற்றத்தின் முன்னால் படும் பாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கண்ணால் காணும் கணக்குகளை வைத்து எழுதப்பட்ட சட்டம், கணக்கில் இன்னும் ஏறாத ஒன்றைக் காக்க வேண்டியிருக்கிறது.

பொருளியலாளர்கள் இதைப் பற்றி முடிவின்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். புதுமைக்குப் பெரிய கையிருப்பு வேண்டும், அதனால் பெருநிறுவனங்களைக் கண்டு மிரளத் தேவையில்லை என்ற கருத்துக்கு ஜோசப் சும்பீட்டரின் 1942ஆம் ஆண்டு நூலைக் காட்டுவார்கள். 1962இல் கென்னத் ஆரோ மறுபக்கத்திலிருந்து பார்த்தார். சந்தை முழுவதையும் கையில் வைத்திருப்பவன் புதுப் பொருளைக் கண்டுபிடித்தால் அது அவனுடைய பழைய பொருளின் விற்பனையையே தின்னும். ஆகவே கண்டுபிடிக்கும் அவசரம் அவனுக்குக் குறைவு என்றார். எனக்கு ஆரோவின் பக்கம்தான் சாய்வு. மருந்துத் துறையில் கனிங்ஹாம், எடரர், மா ஆகிய மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வு அதற்குக் கொஞ்சம் சான்றும் தருகிறது. தங்கள் மருந்துக்குப் போட்டியாக வளர்ந்துவரும் ஒரு சிறு கம்பெனியை வாங்கி, அதன் ஆராய்ச்சியை அப்படியே மூடிவிடுவதற்காகச் செய்யப்பட்ட கொள்முதல்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழுவரை இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் மூடப்பட்ட ஆராய்ச்சியிலிருந்து எது வந்திருக்கும் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

வேடசந்தூர், குஜிலியம்பாறை மானாவாரிக் காடுகளிலிருந்து மேற்கே ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி வரை மக்காச்சோளம் பெரும் பரப்பில் விளைகிறது. விளைச்சல் பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளுக்குப் போகிறது. விதை அநேகமாக வீரிய ஒட்டு ரகம். விளைந்த கதிரிலிருந்து எடுத்து வைத்து மறுவருடம் விதைத்தால் மகசூல் படுத்துவிடும், ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போயாக வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களும் உண்டு. ஆனால் கடையில் முன்வரிசையில் நிற்பது டீகால்ப், பயனியர், சின்ஜென்டா போன்ற பெயர்கள். இந்த மூன்று பைகளின் பின்னாலும் இருந்த முதலாளிகள் 2017க்கும் 2018க்கும் இடையில் மாறிப்போனார்கள். பயனியரின் உரிமையாளரான டூபான்ட் டவ்வோடு சேர்ந்தது. சின்ஜென்டாவை 43 பில்லியன் டாலருக்குச் சீன அரசின் கெம்சைனா வாங்கியது. டீகால்பை வைத்திருந்த மான்சான்டோவை ஏறத்தாழ 63 பில்லியன் டாலருக்கு ஜெர்மனியின் பேயர் வாங்கியது. ஆறு பெருநிறுவனங்கள் நான்காயின. விதையும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன.

இதில் பேயர், மான்சான்டோ இணைப்பை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்த விதம் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. என் பார்வையில் ஆணையத்தின் வரலாற்றிலேயே மிகவும் முன்னோக்கிய உத்தரவுகளில் ஒன்று அது. 2018இல் ஆணையம் அனுமதி தந்தது, கூடவே ஒரு நீண்ட நிபந்தனைப் பட்டியலையும் தந்தது. பேயரின் குளுஃபோசினேட் களைக்கொல்லித் தொழிலும் காய்கறி விதைத் தொழிலும் விற்கப்பட வேண்டும். மகாராஷ்டிரத்து விதை நிறுவனமான மாகிகோவில் மான்சான்டோ வைத்திருந்த 26 சதவீதப் பங்கும் கைவிடப்பட வேண்டும். மாகிகோவும் மான்சான்டோவும் சேர்ந்து நடத்திய கம்பெனிதான் பி.டி. பருத்தியின் மரபணுப் பண்பை உள்நாட்டு விதைக் கம்பெனிகளுக்கு உரிமக் கட்டணம் வாங்கிக் கொடுத்துவந்தது. திண்டுக்கல் கரிசலில் விதைக்கப்படும் பருத்திக்கும் அந்தக் கட்டணத்தில் பங்கிருந்தது.

இவை பழைய பாணி நிபந்தனைகள். அடுத்து வந்தவை புதியவை. மரபணுப் பண்புகளைக் கேட்கிற எந்த விதைக் கம்பெனிக்கும் நியாயமான, பாரபட்சமற்ற விதிகளில் உரிமம் தர வேண்டும். விதையையும் மருந்தையும் சேர்த்துக் கட்டி விற்றுப் போட்டியாளரை வெளியே தள்ளக் கூடாது. வியாபாரியிடம் எங்கள் சரக்கை மட்டும் விற்க வேண்டும் என்று கட்டளையிடக் கூடாது. வேளாண் தட்பவெப்பத் தரவுகளை அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் பொதுநலனுக்காக இலவசமாகத் தர வேண்டும். இந்தியாவில் வணிகத்துக்கு வரும் எண்முறை வேளாண் தளங்களைப் பிறரும் பயன்படுத்த விட வேண்டும். இவற்றுக்கு ஏழாண்டுக் காலம் குறிக்கப்பட்டது.

எந்த நாளில் மழை, எந்த மண்ணில் எவ்வளவு தழைச்சத்து, எந்த வட்டாரத்தில் எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்கிற தகவல்தான் நாளைய விதை வியாபாரத்தின் மூலதனம் என்று ஆணையம் 2018இலேயே ஊகித்திருக்கிறது. அப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை விவசாயிகள் கைப்பேசிச் செயலியைப் பார்த்து மருந்து அடித்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணலாம். அதனால்தான் இந்த உத்தரவை மெச்சத் தோன்றுகிறது. அதே சமயம், ஏழாண்டு என்ற எல்லையைப் பார்த்தால் மெச்சல் கொஞ்சம் குறைகிறது. தரவு சேர்ந்து பலன் தரத் தொடங்கும் நேரத்தில் கடப்பாடு முடிந்துவிடுகிறது. தரவை அரசு நிறுவனம் பெற்றுக்கொண்டு விவசாயிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் ஆணையத்தின் கையில் இல்லை. ஒரு போட்டி ஆணையம் போடும் நிபந்தனை வயல்வரை போய்ச் சேர வேளாண்துறை, பல்கலைக்கழகம், விரிவாக்க அலுவலர் என்று பல கைகள் மாற வேண்டியிருக்கிறது.

இணைந்தால்தான் புதுமை என்ற வாதம் என்னவாயிற்று? டவ்வும் டூபான்டும் சேர்ந்த பிறகு அவற்றின் வேளாண் பிரிவு 2019 ஜூனில் கார்ட்டெவா என்ற தனி நிறுவனமானது. விதையையும் மருந்தையும் ஒன்றாகப் பார்க்கும் முழுமையான வேளாண் கம்பெனி என்பது அதன் பெருமைப் பேச்சு. 2025 அக்டோபர் 1 அன்று அதே கார்ட்டெவா, விதைத் தொழிலையும் பயிர்ப் பாதுகாப்புத் தொழிலையும் இரண்டு நிறுவனங்களாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தது. ஒன்றுசேர அனுமதி கேட்டபோது சொன்ன நன்மைகளும், பிரிந்துபோகும்போது சொல்லும் நன்மைகளும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. இணைப்பு விண்ணப்பங்களில் வரும் புதுமை பற்றிய வாக்குறுதிகளை எவ்வளவு தள்ளுபடி செய்து படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

ஆனால் இப்படி ஒரு விசாரணை நடக்க வேண்டுமென்றால் முதலில் அந்த இணைப்பு ஆணையத்தின் வாசலுக்கு வர வேண்டும். எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஓர் அளவுகோல். இந்தியாவில் அந்த அளவுகோல் மாறிவந்த கதை தனிச் சுவை உடையது.

1969இன் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் அளவைத்தான் பார்த்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள நிறுவனங்கள் விரிவாகவும் இணையவும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 1985இல் அந்த வரம்பு 100 கோடியானது. பெரியதாக இருப்பதே சந்தேகத்துக்குரியது என்பதுதான் அடிப்படை. 1991இல் தாராளமயம் வந்தபோது இணைப்புக்கு முன்அனுமதி என்ற பகுதியையே சட்டத்திலிருந்து உருவி எடுத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த போட்டிச் சட்டம் 2002இல் நிறைவேறினாலும் அதன் இணைப்புப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 1 அன்று. நடுவில் இருபது ஆண்டுகள் காவல்காரன் இல்லை. 1993இல் டாடா ஆயில் மில்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது அந்தக் காலத்தில்தான். நம் வீடுகளின் ஹமாம் சோப்பு அப்படித்தான் லீவருடையதானது. ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை போயும் இணைப்பு நின்றது. அதே 1993இல் பார்லேயின் குளிர்பானங்களைக் கோகோ கோலா வாங்கியது. கோல்டு ஸ்பாட் எங்கே போயிற்று என்று நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் கேட்பதுண்டு.

2011இல் வந்த அளவுகோல் சொத்தும் விற்றுமுதலும். வாங்கப்படும் கம்பெனியின் சொத்தோ விற்றுமுதலோ ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் ஆணையத்திடம் வரவே தேவையில்லை. சிமென்ட், மின்கம்பி, துணிநூல் ஆலைகளுக்கு இது சரியாகவே பொருந்தியது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பலம் என்ன என்று கேட்டால் எத்தனை கதிர்கள், ஆண்டுக்கு எவ்வளவு விற்பனை என்று சொல்லிவிடலாம். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது இந்த அளவுகோல் பல்லிளித்தது. கோடிக்கணக்கான இந்தியர்கள் பயன்படுத்திய செயலிக்கு இந்தியாவில் சொல்லத்தக்க விற்றுமுதல் இல்லை. டெல்லியில் விசாரணையும் இல்லை. பத்தாண்டு கழித்து, 2024 நவம்பரில், வாட்ஸ்அப் பயனர்களின் தகவலைத் தன் மற்ற நிறுவனங்களோடு பகிரும்படி வற்புறுத்தியதற்காக அதே ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. வாசலில் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வீட்டுக்குள் புகுந்தபின் கேட்க நேர்ந்தது. கடந்தகால விற்பனை எண் ஏமாற்றுவதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமாக வேண்டியதில்லை. 2022இல் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் இணைவதாக அறிவித்தபோது, பெருந்தொற்றில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்த ஆண்டின் விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருந்ததால், ஆணையத்தின் அனுமதி இல்லாமலே நாட்டின் இரண்டு பெரிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகள் ஒன்றாயின.

நேற்றைய விற்பனை நாளைய பலத்தைச் சொல்லாது என்பதை ஒரு நீதிமன்றம் முதலில் தெளிவாகச் சொன்னது கணினித் துறையில் இல்லை, நிலக்கரியில். 1974இல் ஜெனரல் டைனமிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் இணைப்பை அனுமதித்தது. வாங்கப்பட்ட சுரங்கக் கம்பெனி கடந்த ஆண்டுகளில் ஏராளமாக விற்றிருந்தது. ஆனால் பூமிக்கடியில் மிச்சமிருந்த கரியில் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தங்களில் ஏற்கெனவே போய்விட்டது, புதிதாக விற்க அதனிடம் அதிகமில்லை. ஆகவே அதன் சந்தைப் பங்கு என்ற எண் வெறும் நிழல் என்றது நீதிமன்றம். வாட்ஸ்அப் அதன் தலைகீழ் வடிவம். சுரங்கத்துக்கு இறந்தகாலம் இருந்தது, எதிர்காலம் இல்லை. செயலிக்கு இறந்தகாலக் கணக்கே இல்லை, எதிர்காலம் மட்டுமே இருந்தது.

கணக்கில் இல்லாத அந்த எதிர்காலத்தை எப்படி அளப்பது? வாங்குகிறவன் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்று பார்க்கலாம். தன் போட்டியாளரின் நாளைய மதிப்பை அவனைவிட நன்றாக மதிப்பிடக்கூடியவர் யார்? ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2017இல் இந்த வழிக்கு வந்தன. இந்தியாவில் 2019இல் போட்டிச் சட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்து, 2023இன் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்று, 2024 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பேர மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான செயல்பாடு இருந்தால், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் ஆணையத்திடம் வந்தாக வேண்டும். எண்முறைச் சேவை என்றால் உலகப் பயனர்களில் பத்தில் ஒரு பங்கு இந்தியர்களாக இருந்தாலே போதும். அதே திருத்தம் ஆணையம் முடிவெடுக்கும் அதிகபட்ச அவகாசத்தை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தது. அதிக வழக்குகள், குறைந்த நாள்கள். இந்த முரண்பாடு எனக்கு உறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தின் எதிர்காலத்தை ஊகிக்கும் வேலை ஐந்து மாதத்தில் முடிகிற காரியமா?

இனி ஊருக்குள், பூட்டுக்கு வருவோம்.

திண்டுக்கல் பூட்டு லீவர் பூட்டு. உள்ளே பித்தளை லீவர்கள் அடுக்காக இருக்கும். ஐந்து, ஆறு, எட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் வெட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நாக்கு நகரும். ஒன்று மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. அந்த வெட்டுகளைக் கையால் அரம் போட்டு எடுப்பதுதான் திண்டுக்கல்லின் பேர். ஓர் இழுப்பு அதிகமானால் அந்த லீவர் வீண். நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் இந்த வேலை நடந்தது. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு, கோயில் கதவுக்கான பெரும்பூட்டு என்று ரகங்கள் ஐம்பதைத் தாண்டும். 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தபோது தொழில் ஏற்கெனவே மிகவும் மெலிந்திருந்தது.

இந்தத் தொழிலை யாரும் விலைக்கு வாங்கி மூடவில்லை. எந்த இணைப்பும் இதைக் கொல்லவில்லை. ஒரு பெருநிறுவனம் நுழையக் கூடாதென்று வேலியே இருந்தது. 1967இல் தொடங்கிய சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒருகாலத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டிருந்தது. அதில் கடைசியாக மிஞ்சிய இருபது பொருள்களை 2015 ஏப்ரலில் அரசு விடுவித்தது. ஊறுகாய், தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, கண்ணாடி வளையல், இரும்பு அலமாரி எல்லாம் இருந்த அந்த இருபதில் பூட்டும் ஒன்று. ஆக 2015வரை பூட்டு வேலிக்குள்தான் இருந்தது. திண்டுக்கல் தோற்றது வேலிக்கு உள்ளேயே, இன்னொரு சிறுதொழில் நகரான அலிகாரிடம். அங்கே இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக எடுத்த பூட்டு, அரத்தால் இழைத்த பூட்டின் இடத்தைப் பிடித்தது. இயந்திரத்துக்கும் தளவாடத்துக்கும் முதலீட்டு உச்சவரம்பு போட்டுச் சிறியதைக் காத்த கொள்கை, சிறியது வளரவும் விடவில்லை. இணைப்புக் கட்டுப்பாட்டைச் சிறுதொழில் பாதுகாப்பின் மறுபெயராக நினைப்பவர்கள் திண்டுக்கல்லை ஒருமுறை பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்தால் இரண்டும் கெடும்.

பூட்டைப் பற்றிய பெரிய இணைப்பு வழக்கு வேறிடத்தில் நடந்தது. சுவீடனின் அசாவும் பின்லாந்தின் அப்லாயும் 1994இல் சேர்ந்து உருவான அசா அப்லாய், நூற்றுக்கணக்கான கம்பெனிகளை வாங்கியே உலகின் மிகப் பெரிய பூட்டு நிறுவனமானது. 2000இல் யேல், சப் என்ற இரண்டு பெயர்களையும் வாங்கியது. 1818இல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்றது லீவர் பூட்டுக்கு; திண்டுக்கல் பூட்டும் அந்தக் குடும்பம்தான். யேல் என்பது பின் டம்ப்ளர் பூட்டு, இன்று நம் கதவுகளில் தட்டையான சாவி போட்டுத் திறக்கிற ரகம். 2017இல் அமெரிக்காவின் ஆகஸ்ட் என்ற ஸ்மார்ட் பூட்டுக் கம்பெனியையும் வாங்கியது. அடுத்து ஸ்பெக்ட்ரம் பிராண்ட்ஸின் பூட்டுத் தொழிலை 4.3 பில்லியன் டாலருக்கு வாங்கப் போனபோது, 2022 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை தடுத்து வழக்குப் போட்டது. வீட்டுக் கதவுப் பூட்டில் அந்நாட்டின் மூன்று பெரிய நிறுவனங்களில் இரண்டு சேரப் போகின்றன என்பது குற்றச்சாட்டு.

அந்த வழக்கில் நீதித்துறை பூட்டை ஒரே சந்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. விலையுயர்ந்த இயந்திரப் பூட்டு ஒரு சந்தை, ஸ்மார்ட் பூட்டு இன்னொரு சந்தை என்று பிரித்தது. கைப்பேசியில் திறக்கும் பூட்டின் விலை கொஞ்சம் ஏறினால் வாங்குகிறவர் பழைய சாவிப் பூட்டுக்குத் திரும்புவாரா? மாட்டார் என்றால் அது தனிச் சந்தை. ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பிரிவே இல்லை. தொழில்நுட்பம் பொருளை மாற்றும்போது சந்தையின் எல்லைக்கோடும் நகர்கிறது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. 2023 மே மாதம், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, சமரசம் வந்தது. எம்டெக் பூட்டுத் தொழிலையும், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள யேல், ஆகஸ்ட் வீட்டுப் பூட்டுத் தொழிலையும் ஃபார்ச்சூன் பிராண்ட்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்டது அசா அப்லாய். இதனால் அமெரிக்க வீட்டுக் கதவிலுள்ள யேல் ஒருவருடையது, இந்தியாவில் விற்கும் யேல் இன்னொருவருடையது.

இதுபோன்ற ஒரு வழக்கு நாளை இந்தியாவில் வரலாம். ஸ்மார்ட் பூட்டு செய்யும் ஓர் இளம் கம்பெனியை ஒரு வெளிநாட்டு நிறுவனம் 2,000 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினால், புதிய அளவுகோல் அதை ஆணையத்திடம் கொண்டுவர வழி செய்கிறது. போட்டிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு ஆணையம் கவனிக்க வேண்டிய காரணிகளில் புதுமையின் தன்மையையும் அளவையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த விசாரணையில் திண்டுக்கல் எங்கே நிற்கும்? பொருத்தமான சந்தை என்பது வாங்குகிறவர் எதற்குப் பதில் எதை வாங்குவார் என்பதை வைத்து வரையப்படுகிறது. அந்தக் கோட்டின்படி அரத்தால் இழைத்த லீவர் பூட்டு வேறு சந்தை. அந்தப் பட்டறைக்காரர் நுகர்வோராக வேண்டுமானால் வரலாம், உற்பத்தியாளராக வர முடியாது.

பட்டறையின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தால் வேறு கேள்வி வருகிறது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி பெரும்பாலும் கூலிக்கோ துண்டுக் கணக்கிலோ கடைக்காரருக்குச் செய்து கொடுப்பவர். அவருடைய வருமானத்தைத் தீர்மானிப்பது பூட்டை வாங்கும் பொதுமக்களுக்கிடையிலான போட்டி இல்லை, அவரிடமிருந்து வாங்கும் சில கடைகளுக்கிடையிலான போட்டி. ஒட்டன்சத்திரத்தில் தக்காளிப் பெட்டியை இறக்கிவைக்கும் விவசாயிக்கும், ஆலைக்கு மக்காச்சோளம் போடுகிறவருக்கும் இதேதான் நிலைமை. 2023 டிசம்பரில் அமெரிக்கா வெளியிட்ட புதிய இணைப்பு வழிகாட்டு நெறிகள், வாங்குகிறவர்கள் இணைவதால் தொழிலாளருக்கும் சரக்குக் கொடுப்பவருக்கும் என்ன ஆகும் என்பதையும் தனியாகப் பார்க்கச் சொல்கின்றன. நம் ஆணையத்தின் உத்தரவுகளில் இந்தக் கண்ணோட்டம் இன்னும் அரிது. தீவன ஆலைகளும் கொள்முதல் செயலிகளும் ஒன்றை ஒன்று வாங்கத் தொடங்கும்போது, கோழித்தீவன விலை ஏறுமா என்பதோடு மக்காச்சோளத்தைக் கேட்டு வருவதற்கு வேறு யார் மிச்சம் என்பதையும் ஆணையம் கேட்க வேண்டியிருக்கும். அதற்கான தரவு வேடசந்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பதிவேடு மாதிரியான இடங்களில்தான் கிடைக்கும். பெருநிறுவனங்கள் தாக்கல் செய்யும் விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.